புது மில்லிங் மெஷின்: வெட்டும் முன் அளந்து பாருங்கள்

வீட்டுப் பட்டறைக்கு வரும் சின்ன மில்லிங் மெஷின் கொஞ்சம் வளையும், கொஞ்சம் ஆடும். எவ்வளவு ஆடும் என்று தெரிந்துகொண்டால் அதிலேயே நேர்த்தியான வேலை செய்யலாம். அதற்கு வேண்டியது ஒரு டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும்.

துருப்பிடிக்காமலிருக்கத் தடவியிருக்கும் கிரீஸை மண்ணெண்ணெயால் துடைத்து, ஸ்லைடுகளுக்கு எண்ணெய் விட்டபின் பேக்லாஷைப் பாருங்கள். கேஜின் முனையை மேசையில் தொடவைத்துக் கைப்பிடியைத் திருப்புங்கள். முள் நகர்ந்ததும் நிறுத்தி, எதிர்ப்பக்கம் திருப்புங்கள். முள் மறுபடி அசையும்வரை கைப்பிடி வளையம் கடந்த அளவுதான் பேக்லாஷ். 0.2 மி.மீ. இருந்தாலும் கவலையில்லை. எந்த அளவுக்கும் ஒரே பக்கத்திலிருந்து வந்து சேருங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய்த் திரும்ப வாருங்கள்.

இந்த ஆட்டம் இருப்பதால், கட்டர் சுழலும் திசைக்கு எதிராகவே ஜாப்பைத் தள்ள வேண்டும். அதே திசையில் தள்ளினால் பற்கள் மேசையை வெடுக்கென்று இழுக்கும், கட்டர் உடையலாம்.

அடுத்து, ஸ்பிண்டில் மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேஜை ஸ்பிண்டிலில் பொருத்திக் கையால் சுற்றுங்கள். 200 மி.மீ. இடைவெளியில் இடவலம் காட்டும் வித்தியாசம் 0.03 மி.மீ.க்குள் இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். வைஸின் நிலையான தாடையையும் கேஜால் ஓட்டிப் பாருங்கள்.

கட்டரைக் கோலெட்டில் பிடியுங்கள். டிரில் சக் பக்கவாட்டு விசையைத் தாங்காது. எம்.எஸ். இரும்பில் 10 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். கட்டருக்கு வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்றால், சுழற்சி 800 வரும். விட்டம் பாதியானால் சுழற்சி இரட்டிப்பு. ஆழம் 0.5 மி.மீ.யில் தொடங்குங்கள். கிறீச்சென்று அலறினால் சுழற்சியையோ ஆழத்தையோ குறைத்து, நகராத ஸ்லைடுகளைப் பூட்டுங்கள்.

கண்ணாடி கட்டாயம், கையுறை கூடாது, கட்டர் கையோடு இழுத்துவிடும். சுருள்களை மெஷின் நின்றபின் பிரஷ்ஷால் தள்ளுங்கள்.

முதல் வேலையாக ஓர் அலுமினியக் கட்டியை ஆறு முகமும் சதுரமாக்குங்கள். சீவிய முகம் நிலையான தாடையில் படியட்டும். நகரும் தாடைக்கும் கட்டிக்கும் நடுவே ஓர் உருண்டைக் கம்பியை வையுங்கள். நகரும் தாடை இறுக்கும்போது சற்றே தூக்கும். கம்பி இருந்தால் அந்தக் கோணல் கட்டிக்கு வராது. மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் கட்டரை மாற்றாதீர்கள். வைஸையும் ஸ்பிண்டிலையும் மறுபடி அளந்து பாருங்கள்.