பட்டியலில் இல்லாத பெயர்கள்

2021 ஜூன் 1-ஆம் தேதி, கோவிட் தொற்றால் மலேசியா முழுவதும் முடக்கம். ஜோகூரின் பாசிர் கூடாங் மட்டும் முழுசாக அடங்கவில்லை. செம்பனை எண்ணெய் ஆலை, துறைமுகம், மின்நிலையம் என்று அத்தியாவசியத் தொழில்கள் நிறைந்த ஊர் அது. வீட்டிலேயே இருங்கள் என்று தொலைக்காட்சி சொல்லிக்கொண்டிருந்தபோது, ஷிப்டுக்குக் கிளம்பியவர்கள் அந்த ஊர் மக்கள். அவர்களில் யாருக்கு முதலில் ஊசி கிடைத்தது?

ஆபத்து அதிகம் உள்ளவருக்கு என்றுதான் நினைப்போம். ஆனால் ஊசியை முடிவு செய்தது, நம் பெயர் யாருடைய பட்டியலில் இருந்தது என்பது.

பணம் தடையாக இல்லை. பிப்ரவரி 24-இல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டம் எல்லாருக்கும் இலவசம். வெளிநாட்டவருக்கும், ஆவணம் இல்லாதவருக்கும்கூட உண்டு என்று அரசு முன்கூட்டியே அறிவித்தது. மனமாரப் பாராட்ட வேண்டிய முடிவு அது. சிக்கல் வரிசையில் நிற்பதற்கு முன்பே தொடங்கியது. மே 26-ஆம் தேதி, ஜோகூர் உள்ளிட்ட மாநிலங்களுக்கு அஸ்ட்ராஜெனெகா ஊசிக்கான முன்பதிவு இணையத்தில் திறந்தது. ஒன்பதரை லட்சம் இடங்கள் சுமார் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோயின. விசாக தின விடுமுறைதான். ஆனால் ஷிப்டுக்கு ஏது விடுமுறை? தீப்பொறி பயத்தால் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடும் ரசாயன ஆலைக்குள் நிற்பவர் எந்த விரலால் பதிவு செய்வார்?

ஜூன் 16-இல் தொழிற்சாலை ஊழியர்களுக்காக ‘பிகாஸ்’ திட்டம் வந்தது. முதலாளிகள் பதிந்துகொண்டால் ஊழியர்களுக்கு மொத்தமாக ஊசி. நல்ல ஏற்பாடு, பல்லாயிரம் பேரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற எல்லாரும் கம்பெனி ஆட்கள் இல்லை. தொட்டி கழுவுகிறவர், சாரம் கட்டுகிறவர், கழிவறை துடைக்கும் அக்கா, இவர்களெல்லாம் காண்ட்ராக்டருக்குக் கீழே இன்னொரு காண்ட்ராக்டரின் ஆட்கள். கம்பெனி தன் பட்டியலை எழுதும்போது அவர்கள் பெயர் யார் நினைவுக்கு வரும்?

நாள் சம்பளக்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அன்றைக்கு நகரப் பகுதிகளில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,200 ரிங்கிட், நாளைக்கு 46 ரிங்கிட் சொச்சம். ஊசிக்கு ஒரு நாள் போனால், மறுநாள் காய்ச்சலுக்கு இன்னொரு நாள். இரண்டு தவணை என்றால் நான்கு நாள் சம்பளம் போகக்கூடும். அதை இழக்க முடியாமல் வராதவர்களை ‘ஊசிக்குப் பயந்தவர்கள்’ என்று எழுதிவிடுவது எளிது.

பயமும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15-இல் சென்னையில் ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17-ஆம் தேதி காலமானார். தமிழ் வாட்ஸ்அப் குழுக்களுக்குக் கடல் ஒரு தடையா? அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று இந்திய அரசின் ஆய்வுக்குழு அக்டோபரில்தான் சொன்னது. அதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது.

இதைவிடக் கொடுமையானது ஆவணமில்லாதவர் நிலை. ஊசி போட வருவோரைப் பிடிக்க மாட்டோம் என்று ஒரு அமைச்சர் உறுதி சொன்னார். ஆனால் ஜூன் தொடக்கத்திலேயே சைபர்ஜெயாவில் குடிநுழைவுத் துறை சோதனை நடத்தி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. அதன் பிறகு எந்த இந்தோனேசியரும் வங்காளதேசியும் ஊசி மையத்தின் வாசலை நம்பி மிதிப்பார்? இந்த மண்ணிலேயே பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல் நிற்கும் நம் இனத்துப் பிள்ளைகளும் உண்டு. அடையாள எண் கேட்கும் பதிவுச் செயலிக்கு அவர்கள் என்ன எண்ணைத் தருவார்கள்?

ஒரு காலத்தில் நிலைமை நேர்மாறு. நம் பாட்டன் பூட்டன் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் மலாயாக் கப்பலுக்குக் காத்திருந்தபோது அவர்களுக்கு அம்மை ஊசி குத்தினார்கள். தோட்டத்துக்கு நோயில்லாத உடம்பு தேவைப்பட்டது, அதனால் ஒருவர் விடாமல் குத்தினார்கள். உழைப்பு வேண்டுமென்றால் ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

2021 அக்டோபர் 11-இல், பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் ஊசி போட்டு முடித்திருந்தார்கள் என்று மாநில எல்லைகளைத் திறந்தார்கள். பெரிய சாதனைதான். 2022 ஏப்ரல் 1-இல் சிங்கப்பூர் பாலமும் முழுமையாகத் திறந்தது, ஊசி போட்டவர்களுக்கு. அந்தச் சான்றிதழ் இல்லாதவருக்கு அக்கரைச் சம்பளமும் இல்லை.

உங்கள் தாமானில் அடையாள அட்டை இல்லாத ஒரு வீடு இருந்தால், அடுத்த நோய் வரும்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே அவர்களைத் தேசியப் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போங்கள்.