மூலக்கூறு நரம்பியலும் பெங்களூர் ஆராய்ச்சி நிலையங்களும்

விஞ்ஞானப் பட்டப் படிப்பை முடிக்கும் நிலையிலுள்ள மாணவர் சிலர், மூளையைப் பற்றி மேலும் பயில விரும்புவதாகவும், அதற்கு எந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வது என்றும் தம் ஆசிரியர்களிடம் கேட்பதுண்டு. விலங்கியலே அதற்கு வழி என்று பெரும்பாலும் விடை கூறப்படுகிறது. இவ்விடை தவறன்று, ஆயினும் பாதி விடையே. நரம்பின் செயலை அதன் மூலக்கூறுகளைக் கொண்டு விளக்கும் இவ்வியலில் பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகியவை உயிரியலுக்கு நிகரான இடம் பெறுகின்றன. பெங்களூருடன் நெருங்கிய தொடர்புடைய ஓர் ஆராய்ச்சியின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

நரம்பு உயிரணுவைச் சூழ்ந்திருப்பது ஒரு மெல்லிய கொழுப்புப் படலம். படலத்தின் உட்புறம் பொட்டாசியம் அயனிகளும் வெளிப்புறம் சோடியம் அயனிகளும் மிகுந்திருக்கின்றன. ஓய்வு நிலையில் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் எதிர்மின் அழுத்தத்தில் இருக்கும். படலத்தில் புரதத்தாலான நுண்ணிய வாயில்கள் உள்ளன. இவற்றுள் சோடிய வாயில்கள் திறந்தவுடன் சோடியம் உள்ளே பாய்கிறது; அதனால் மின்னழுத்தம் மாறி அடுத்துள்ள வாயில்களும் திறக்கின்றன. செய்தி நரம்பின் வழியே செல்வது இவ்வாறே. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆங்கில விஞ்ஞானிகள் கணவாய் மீனின் பருத்த நரம்பில் சோதனை செய்து, இந்நிகழ்ச்சிக்குரிய சமன்பாடுகளை 1952-இல் வெளியிட்டனர். ஆனால் வாயில் என்பது எத்தகைய பொருள் என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

அலிகாரிலும் கிளாஸ்கோவிலும் பயின்ற ஒபைத் சித்திக்கி, 1962-இல் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். நுண்ணுயிர்களின் மரபியலை ஆராய்ந்துவந்த அவர், பின்னர் நரம்பியலின்பால் திரும்பினார். கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிறு பழ ஈயே அவர் எடுத்துக்கொண்ட பிராணி. கனடாவில் டேவிட் சுசூக்கியின் குழுவினர் 1971-இல் ஒரு விசித்திரமான பழ ஈ வகையை விவரித்திருந்தனர். சாதாரண உஷ்ணத்தில் இந்த ஈ மற்ற ஈக்களைப் போலவே நடமாடும். உஷ்ணம் சுமார் 29 பாகை சென்டிகிரேடை எட்டினால் செயலிழந்து விழும். குளிர்வித்தால் மீண்டும் எழுந்து நடக்கும். ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட பழுதே இதற்குக் காரணம்.

பழுது எங்கே உள்ளது? தசையிலா, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலா, நரம்பிலேயா? கலிபோர்னியாவைச் சேர்ந்த சீமோர் பென்சருடன் சேர்ந்து சித்திக்கி இதனை ஆராய்ந்தார். உஷ்ணமூட்டிய ஈயின் தசையை மின்சாரத்தால் நேரே தூண்டியபோது தசை இயங்கிற்று. மூளையைத் தூண்டியபோதோ செய்தி தசையை எட்டவில்லை. நரம்பின் மின்கடத்தலே தடைப்படுகிறது என்ற முடிவு 1976-இல் வெளியாயிற்று. அம்மரபணு ஆக்கும் புரதம் சோடிய வாயிலே என்பது அமெரிக்க ஆராய்ச்சியாளர்களால் 1989-இல் நிறுவப்பட்டது. ஈயின் நடத்தையைக் கவனித்தவர், மின்னழுத்தத்தை அளந்தவர், மரபணுவின் எழுத்துக்களைப் படித்தவர் ஆகிய மூவகையினரும் கூடியே இவ்வொரு விடையைக் கண்டனர்.

களப் பணியாளர்களுக்கு இச்செய்தி தொலைவானதன்று. டி.டி.டி.யும், கொசுவர்த்தியிலும் மருந்தூட்டிய வலைகளிலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகளும் தாக்குவது இதே சோடிய வாயிலைத்தான். வாயில் மூடவேண்டிய நேரத்தில் மூடாதபடி அவை தடுத்துவிடுகின்றன. நரம்பு இடைவிடாது துடித்து, பூச்சி விழுகிறது. டி.டி.டி.க்கு விழாத வீட்டு ஈக்கள் 1950-ஆம் ஆண்டுகளிலேயே காணப்பட்டன. அவற்றின் சோடிய வாயிலில், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்களுள் ஒன்று, லியூசினுக்குப் பதில் பினைல்அலனினாக மாறியிருப்பது 1996-இல் தெரியவந்தது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுக்கள் சிலவற்றிலும் இத்தகைய மாற்றம் உண்டு. மருந்து தெளித்தும் கொசு சாகாத இடங்களில், தெளித்தவரைக் குறைகூறுமுன் கொசுவின் மரபணுவைச் சோதிப்பது நன்று. டி.டி.டி.க்கு இவ்வாறு தப்பிய பூச்சி, தான் காணாத பைரித்ராய்டுக்கும் ஓரளவு தப்பக்கூடும். இரண்டின் இலக்கும் ஒன்றல்லவா?

மனிதருக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வாயில்கள் உள்ளன. பிறந்த முதலாண்டில் காய்ச்சலோடு வலிப்புத் தோன்றி, பின்னர் கடுமையாகும் டிராவே நோய் என்பது ஒன்று. இக்குழந்தைகளில் பெரும்பாலோரிடம் சோடிய வாயிலுக்குரிய ஒரு மரபணு பழுதுற்றிருப்பது 2001 முதல் அறியப்பட்டுள்ளது. மூளையின் கிளர்ச்சியை அடக்கும் உயிரணுக்களே இங்கு வலுவிழக்கின்றன. ஆகவே, வலிப்புக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் கார்பமசிபின் முதலிய சோடிய வாயிலை அடைக்கும் மருந்துகள் இந்நோயை அதிகமாக்கக் கூடும். எந்த மூலக்கூறு பழுது என்று அறிவதில் ஒரு குழந்தையின் சிகிச்சையே அடங்கியிருக்கிறது.

இத்தகைய ஆராய்ச்சியைப் பயில்வதற்குப் பெங்களூரில் மூன்று நிலையங்களைச் சிறப்பாகக் குறிப்பிடலாம். 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சித்திக்கியை முதல் இயக்குநராகக் கொண்டு உருவான தேசிய உயிரியல் விஞ்ஞான மையம், வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ளது. 1909-இல் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நரம்பியலுக்கெனத் தனி மையம் 2009-இல் ஏற்பட்டது. 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிலையமும் மைசூர் அரசாங்கத்தின் பழைய மனநல மருத்துவமனையும் 1974-இல் ஒன்றாகி, நிம்ஹான்ஸ் என வழங்கும் தேசிய நிலையமாயின. நோயாளிகளோடு நெருங்கிய ஆராய்ச்சியை நாடுவோர்க்கு நிம்ஹான்ஸ் ஏற்றது. இறந்தோரின் மூளையை உறவினர் இசைவுடன் பெற்றுப் பாதுகாக்கும் களஞ்சியம் ஒன்றும் அங்கு 1995 முதல் உண்டு.

சேர்க்கையைப் பொறுத்தவரை, இளநிலைப் பட்டத்தில் நரம்பியல் பாடம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பொதுவாக இல்லை. உயிரியல் மையத்தின் நுழைவுத் தேர்வில் உயிரியலோடு கணிதம், பௌதிகம், இரசாயன வினாக்களும் கலந்து வருகின்றன. அடுத்து வரும் நேர்முகத் தேர்வில், எவ்வளவு மனப்பாடம் என்பதைவிட, ஒரு சோதனையை எவ்வாறு திட்டமிடுவார் என்பதே பெரிதும் பார்க்கப்படுகிறது. டப்ளினில் நுண்ணுயிரியல் பயின்ற வெரோனிகா ரோட்ரிக்ஸ், சித்திக்கியின் மாணவியாக வந்து, மணத்தை உணர்வதில் குறையுள்ள பழ ஈக்களை ஆராய்ந்து, பின்னர் அத்துறையில் தலைசிறந்தவர்களுள் ஒருவரானார்.

சேர்ந்த பின் முதலாண்டில் பாடங்களும், பல ஆராய்ச்சிசாலைகளில் சில வாரங்கள் வீதம் பயிற்சியும் நடைபெறுவது பொதுவான முறை. டாக்டர் பட்டத்திற்கு ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். நல்ல நரம்புப் பதிவு ஒன்றைப் பெறுமுன் பல நாட்கள் வீணாவது இத்தொழிலின் இயல்பு. இதனை மாணவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுதல் நலம். பணச்செலவை எண்ணிப் பின்வாங்கும் குடும்பங்களுக்கு, மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023-இல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது என்ற செய்தியைத் தெரிவிக்கலாம்.

இத்துறை தமக்கு ஏற்றதா என்று முன்னரே அறிய விரும்புவோர்க்கு மற்றொரு வழியும் உண்டு. 1934-இல் சர் சி. வி. ராமன் பெங்களூரில் நிறுவிய இந்திய விஞ்ஞான அகாடமி, வேறிரு தேசிய அகாடமிகளுடன் சேர்ந்து, கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிவருகிறது. தேர்ந்தெடுக்கப்படுவோர் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஓர் ஆராய்ச்சியாளருடன் பணிபுரிவர். கோடைக்குப் பல மாதங்கள் முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். மாணவர்களைப் போலவே ஆசிரியர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.