கெப் நகர உணவிடங்கள்

கெப் என்பது கம்போடியாவின் தென்கடற்கரையில், தாய்லாந்து வளைகுடாவை ஒட்டியுள்ள ஒரு சிறு நகரம் ஆகும். கடல் நண்டையும் பச்சை மிளகையும் சேர்த்துச் சமைக்கும் உணவுக்கு இந்நகரம் பெயர்பெற்றது. விடுமுறை நாட்களில் புனோம் பென் நகரிலிருந்து பலர் குடும்பத்துடன் இங்கு உண்ண வருகின்றனர்.

பின்னணி

பிரெஞ்சு ஆட்சியில், 1908 ஆம் ஆண்டு கெப் ஒரு கடலோர ஓய்விடமாக நிறுவப்பட்டது. 1960களில் வசதி படைத்த கம்போடியர்கள் இங்கு மாளிகைகளைக் கட்டினர். கெமர் ரூச் ஆட்சியிலும் (1975–1979) அதையொட்டிய போர்க்காலத்திலும் நகரம் பாழடைந்தது. சிதைந்த மாளிகைகள் சிலவற்றை இன்றும் காணலாம்.

நண்டுச் சந்தை

நகரின் முதன்மையான உணவிடம் கடலோர நண்டுச் சந்தையாகும். பிடிபட்ட நண்டுகள் கூண்டுகளில் அடைக்கப்பட்டு, கரையோர நீரிலேயே உயிருடன் வைக்கப்படுகின்றன. வாங்குபவர் வந்ததும் விற்பனைப் பெண்கள் கூண்டை இழுத்துத் திறந்து, நண்டுகளை எடைபோட்டுத் தருகின்றனர். அருகிலுள்ள அடுப்புக் கடைகளில் சிறு கூலி கொடுத்தால் அவற்றை அவித்தோ வதக்கியோ தருவர். கணவாய், இறால், மீன் ஆகியவை குச்சியில் கோத்துச் சுடப்படுகின்றன.

சந்தையை ஒட்டி, கடல்நீரின் மேல் கால்கள் நட்டுக் கட்டிய உணவகங்கள் வரிசையாக உள்ளன. இங்கு அமர்ந்து உண்ணலாம். விலை சந்தையைவிடக் கூடுதல். செலவைக் குறைக்க விரும்புவோருக்குச் சந்தையே ஏற்றது. எடைக்கான விலை, சமையல் கூலி இரண்டையும் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

மிளகு நண்டு

நண்டைத் துண்டாக்கி, பூண்டுடனும் கொத்துக்கொத்தான பச்சை மிளகுடனும் வதக்குவது இவ்வூரின் அடையாள உணவு. இதற்குப் பயன்படும் கம்போட் மிளகு, கம்போட், கெப் ஆகிய இரு மாகாணங்களிலும் விளைகிறது. அது 2010 இல் கம்போடியாவிலும், 2016 இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் புவிசார் குறியீடு பெற்றது. பச்சை மிளகு விரைவில் வாடிவிடும் என்பதால், பறித்த இடத்துக்கு அருகிலேயே இவ்வுணவின் முழுச் சுவை கிடைக்கிறது. அவித்த நண்டுக்கு உப்பு, மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு கலந்த தொடுகறி தரப்படும்.

முயல் தீவு

கெப்பிலிருந்து படகில் செல்லக்கூடிய முயல் தீவின் கடற்கரையில் எளிய குடில் உணவகங்கள் உள்ளன. அங்கும் கடலுணவே முதன்மை.

நண்டு வளமும் உண்பவரும்

இங்கு விற்கப்படுவது பெரும்பாலும் நீலக்கால் நண்டு. கடற்புல் படுகைகள் இதன் குஞ்சுகளுக்குப் புகலிடம். இழுவை மடிகள் அப்படுகைகளைக் கிழித்து அழிக்கின்றன. இதைத் தடுக்க, கெப் கடலில் கற்காரைக் கட்டமைப்புகள் இறக்கப்பட்டுள்ளன.

உண்பவரின் தேர்வும் நண்டு வளத்தைப் பாதிக்கும். ஆண் நண்டின் வயிற்று மடல் ஒடுங்கிக் கூராகவும், முதிர்ந்த பெண் நண்டினுடையது அகன்று வட்டமாகவும் இருக்கும். மடலுக்கு வெளியே ஆரஞ்சு அல்லது கருமை நிற முட்டைத் திரள் தெரிந்தால் அது சினை நண்டு. ஒரு சினை நண்டு பல இலட்சம் முட்டைகளைச் சுமக்கும். எனவே சினை நண்டுகளையும் மிகச் சிறிய நண்டுகளையும் தவிர்த்து, வளர்ந்த ஆண் நண்டுகளைக் கேட்டு வாங்குவதே முறை. நண்டு குறைந்தால் சந்தையின் அடுப்புகளும் அணைந்துபோகும்.