நிற்கத் தெரிந்த சாரதி

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று நான் வகுப்பிலே ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றேன். இளவேனில் என்றதும் புலவர்க்குத் தென்றல் நினைவுக்கு வரும். மாந்தளிரும் குயிலோசையும் நினைவுக்கு வரும். ஆனால் இதே இரண்டு மாதங்களிலும், நாம் உண்ணும் அரிசியையும் மரக்கறியையும் சுமந்துகொண்டு நாடெங்கும் செல்லும் லொறிச் சாரதிக்கு இளவேனில் எப்படியிருக்கும் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. 2023 ஆம் ஆண்டுச் சித்திரையில் ஓரிரவு அதனை எனக்குக் கற்பித்தது. கற்பித்தவரோ என்னிடம் படித்த மாணவர்.

அன்று கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நான் வந்துகொண்டிருந்த பஸ் வண்டி தம்புள்ளையிற் பழுதுபட்டு நின்றுவிட்டது. இரவு பத்து மணி கடந்திருந்தது. தேநீர்க் கடையொன்றின் முன்னே செய்வதறியாது நின்ற வேளையில், "சேர்!" என்றொரு குரல் கேட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் முன்வரிசையில் இருந்தவர்; இப்பொழுது லொறிச் சாரதி. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலே கரட்டும் லீக்சும் கோவாவும் ஏற்றிக்கொண்டு, விடியுமுன் யாழ்ப்பாணத்துச் சந்தையை அடைய வேண்டுமென்று விரைந்துகொண்டிருந்தார். "ஏறுங்கோ சேர், நான் கொண்டுபோய் விடுறன்" என்றார். ஏறிக்கொண்டேன். தூரம் ஏறத்தாழ 250 கிலோமீற்றர்.

மதவாச்சியைக் கடந்தோம், வவுனியாவைக் கடந்தோம். போர்க்காலத்திற் பன்முறை மூடுண்டு, 2009 ஆம் ஆண்டின் பின் நிலையாகத் திறந்துவிடப்பட்ட ஏ-9 பாதை காட்டினூடே நேர்கோடாகக் கிடந்தது. இரவு இரண்டரை மணியிருக்கும். புளியங்குளத்துக்கு அப்பால், வண்டி மெல்ல இடப்புறம் சரிவதை உணர்ந்தேன். சக்கரங்கள் பாதையோரத்துச் சரளைக் கல்லில் ஏறிக் கரகரவென்று ஒலித்தன. நான் கூவினேன். சாரதி திடுக்கிட்டுச் சுக்கானைத் திருப்பினார். லொறி மீண்டும் பாதைக்கு வந்தது.

"ஒண்டுமில்லைச் சேர். ஒரு கணம் கண் அயர்ந்திட்டுது."

"எத்தனை மணிக்கு எழும்பினீர், தம்பி?"

"நேற்று விடிய அஞ்சு மணிக்கு."

"பகலிலை படுக்கேல்லையோ?"

"படுத்தனான் சேர். லொறிக்குக் கீழை சாக்கு விரிச்சுப் படுத்தனான். வேர்த்ததுதான் மிச்சம்."

இந்த இறுதி விடையில்தான் இளவேனிலின் முழுத் துன்பமும் அடங்கியிருக்கின்றது.

பகல் வெயிலும் இரவு விபத்தும்

ஏப்பிரல் மாதத்தின் முதல் வாரம் தொடங்கி நடுப்பகுதி வரை, நண்பகற் சூரியன் இலங்கையின் தென்பகுதியிலிருந்து வடபகுதி நோக்கி ஒவ்வோர் ஊரின் உச்சியாகக் கடந்து செல்கின்றது. கொழும்பின் உச்சிக்கு ஏழாந் திகதியளவில் வருவது, யாழ்ப்பாணத்தின் உச்சிக்குப் புத்தாண்டை ஒட்டி வருகின்றது. காற்றும் அப்பொழுது ஓய்ந்து கிடக்கும். சோளகம் எழும்பும் வரை வெக்கை தணியாது.

இரவில் ஓட்டுபவர் பகலிலே உறங்க வேண்டும். உடல் சிறிது குளிர்ந்தால்தான் நல்ல நித்திரை வரும். தகரக் கூரையின் கீழும் லொறியின் நிழலிலும் அது எங்ஙனம் கைகூடும்? பகலிற் கெட்ட நித்திரை இரவிலே தன் கடனை வசூலிக்கின்றது. விபத்து நள்ளிரவில் நிகழலாம். அதன் வேர் முதல்நாள் நண்பகலிலே ஊன்றியிருக்கும்.

மனித உடலுக்குள்ளே ஒரு கடிகாரம் இருக்கின்றது. இரவு இரண்டு மணி முதல் விடியற்காலை வரையும், பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரையும் அது நம்மை உறங்கச் சொல்கின்றது. அவ்வேளையிற் கண் ஓரிரு விநாடி தானாக மூடிக்கொள்ளும். மூடியதை அவர் அறியவுங்கூட மாட்டார். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் லொறி மூன்று விநாடியில் 50 மீற்றர் ஓடிவிடும். அந்த 50 மீற்றரும் சாரதியில்லாத லொறியே ஓடுகின்றது.

1997 ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் 'நேச்சர்' இதழிலே ஓர் உண்மையை வெளியிட்டனர். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் கலந்தவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகின்றது என்பதே அது. என் மாணவர் மதுவைத் தொடாதவர். ஆயினும் அன்று அவர் விழித்திருந்தது இருபத்தொரு மணி நேரத்துக்கும் மேல்.

முறிகண்டியில் இருபது நிமிடம்

மாங்குளம் கடந்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் லொறியை நிறுத்தினார். வடக்கே செல்வோரும் தெற்கே செல்வோரும் அவ்விடத்தில் இறங்கிக் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்துச் செல்வதும், கச்சான் வாங்கிக் கொறிப்பதும் நெடுநாளைய வழக்கம். அவரும் கும்பிட்டுவிட்டு உடனே ஏற முனைந்தார். நான் விடவில்லை. ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, இருபது நிமிடம் ஆசனத்திலே கண்ணை மூடச் செய்தேன். தேநீரின் ஊக்கம் உடலிற் பரவ ஏறத்தாழ அரைமணி நேரம் செல்லும். ஆகவே குடித்தவுடன் உறங்கினால், விழிக்கும் வேளையில் நித்திரையின் பயனும் தேநீரின் பயனும் ஒருங்கே கிடைக்கும். அரைமணிக்கு மேல் உறங்கினாலோ ஆழ்ந்த நித்திரையில் எழும்பி மந்தமாகிவிடுவோம். இச்சிறு துயில் முழு இரவு நித்திரைக்கு ஈடன்று; எனினும் அபாய வேளையைக் கடக்க உதவும் தோணி.

வழியிலே நின்று கும்பிடும் வழக்கத்தை ஏற்படுத்திய முன்னோர், பக்தியோடு உடலின் தேவையையும் அறிந்திருப்பர் போலும் என்று அப்பொழுது எனக்குத் தோன்றிற்று. நிற்கத் தெரிந்தவனே ஓட்டத் தெரிந்தவன். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இதனைச் சட்டமாகவே ஆக்கியுள்ளனர். அங்கே நான்கரை மணி நேரம் ஓட்டிய லொறிச் சாரதி 45 நிமிடம் ஓய்ந்தே ஆகவேண்டும்.

உறங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். லொறியின் கீழே படுப்பது உயிருக்கு உலை. அறியாது யாரேனும் வண்டியை எடுத்துவிடலாம். இயந்திரத்தை ஓடவிட்டு, கண்ணாடிகளை மூடிக்கொண்டு உறங்குவதும் நன்றன்று. நச்சுப்புகை மணமின்றி உட்புகும். மரநிழலில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, இருபுறக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, நனைந்த துவாயைக் கழுத்திலே சுற்றிக்கொண்டு உறங்குவதே முறை.

நீரும் உணவும்

லொறிச் சாரதிகளிற் பலர் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கின்றனர். காரணம் எளியது, குடித்தால் இறங்க வேண்டும், இறங்கினால் நேரம் போகும். இக்கால லொறிகள் பலவற்றில் இயந்திரம் ஆசனத்தின் கீழேயே இருப்பதால், மேலே வெயிலும் கீழே அனலுமாக உடல் வற்றுகின்றது. நீர் குறைந்தால் தலைவலியும் சோர்வும் தோன்றும், கவனம் சிதறும். நாட்செல்லச் சிறுநீர்க் கல்லும், அடக்கி வைப்பதனாற் சிறுநீர்ப் பாதையிற் கிருமித் தொற்றும் உண்டாகும். போதிய நீர் அருந்தினோமா என்பதை அறிய வைத்தியரிடம் போகவேண்டியதில்லை. சிறுநீர் வெளிறிய வைக்கோல் நிறமாயிருந்தால் நன்று. கடுமஞ்சளாயிருந்தால் உடனே நீர் அருந்துக.

ஒரே மூச்சிற் குடியாமல், தாகம் எடுக்குமுன்னரே சிறிது சிறிதாகக் குடித்தல் வேண்டும். மோரும் இளநீரும் பழஞ்சோற்றுத் தண்ணீரும் இக்காலத்துக்கு ஏற்றவை. பாதையோரத்து வெள்ளரிப்பழமும் வத்தகப்பழமும் நல்லன. ஆனால் வெட்டித் திறந்து வைத்த துண்டுகளை வாங்கலாகாது. மிகுதியாக வேர்த்துத் தசை பிடித்தால், மருந்துக் கடையிற் கிடைக்கும் 'ஜீவனி'யைப் பொதியில் உள்ளவாறு கரைத்துக் குடிக்கலாம். போத்தலில் அடைத்த இனிப்புச் சோடா தாகத்தை ஏமாற்றுமே அன்றித் தீர்க்காது. வெயிலில் ஒருவர் உடல் கொதித்து, பேச்சுத் தடுமாறி, மயங்கினால் அது பேராபத்து. நிழலுக்குக் கொண்டுசென்று, உடலிலே தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே, 1990 என்னும் இலக்கத்தில் இலவச அம்புலன்சை அழைக்க வேண்டும்.

உணவிலே, நள்ளிரவில் வயிறு நிறையக் கொத்துரொட்டி உண்டுவிட்டுச் சுக்கானைப் பிடிப்பவர் நித்திரையைத் தாமே வருந்தி அழைக்கின்றார். புறப்படுமுன் அளவாக உண்டு, இடைவழியிற் பழமோ ஒரு பிடி கச்சானோ உண்பது சாலும். தேங்காய்ப்பாற் கறி வெக்கையில் விரைவிற் பழுதாகும். காலையிற் கட்டிய சோற்றுப் பொதியை மாலைவரை லொறிக்குள் வைத்திருத்தல் ஆகாது.

வலக்கையும் முதுகும்

நம் நாட்டிற் சாரதியின் ஆசனம் வலப்புறம் இருப்பதால், அவரது வலக்கன்னமும் வலக்கையும் ஓயாது வெயிலிற் காய்கின்றன. கண்ணாடி காக்கும் என்று எண்ணற்க. புறஊதாக் கதிர்களில் ஒருவகை கண்ணாடியையும் ஊடுருவும். இருபத்தெட்டு ஆண்டுகள் லொறி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படத்தை 2012 ஆம் ஆண்டிலே ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. அந்நாட்டிற் சாரதியின் ஆசனம் இடப்புறம். அவரது இடக்கன்னம் ஆழச் சுருங்கித் தொங்கிற்று. வலக்கன்னமோ அத்துணை கெடவில்லை. ஒரே முகத்தில் இரு வயது! முழுக்கைச் சட்டை ஒன்று கையையேனும் பெரிதும் காக்கும்.

அசையாது இருத்தலும் ஒரு நோய்க்காரணமே. 1953 ஆம் ஆண்டிலே ஜெரி மொறிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவரது குழுவினரும் இலண்டனின் ஈரடுக்கு பஸ்களை ஆராய்ந்தனர். நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநரைக் காட்டிலும், ஆசனத்திலேயே இருந்த சாரதிகளுக்கு மாரடைப்பு மிகுதியாக வந்ததைக் கண்டனர். ஆதலால் இரண்டு மணிக்கொருமுறை இறங்கி, லொறியை ஐந்தாறு முறை சுற்றி வருதல் வேண்டும். சில்லுகளைத் தட்டிப் பார்க்கும் வேலையும் அதனோடு முடியும். காற்சட்டையின் பின்பையிலுள்ள பணப்பையை எடுத்து வைத்துவிட்டு இருத்தல் இடுப்புக்கும் தொடை நரம்புக்கும் நல்லது.

வெற்றிலையும் மாத்திரையும்

நித்திரையை விரட்ட வெற்றிலை போடும் வழக்கம் சாரதிகளிடையே பரந்தது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். புகையிலை சேராவிடினும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று, உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் கூறியுள்ளது. வாயினுள் வெண்படலமோ ஆறாப் புண்ணோ காணப்பட்டாலும், வாயைத் திறப்பது கடினமானாலும் தாமதியாது காட்டுக. தடிமனுக்கும் தும்மலுக்கும் விழுங்கும் மாத்திரைகளிற் பல நித்திரை தருவன. "நான் லொறி ஓட்டுபவன்" என்று சொல்லியே மருந்து கேட்க வேண்டும்.

வீட்டாருக்கும் முதலாளிக்கும்

இவையெல்லாம் சாரதி ஒருவராற் கைகூடுவன அல்ல. பகலிலே தந்தை உறங்கும்போது வீட்டின் குளிர்ந்த அறையை அவருக்கு ஒதுக்கி, யன்னலில் நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு, வானொலியைத் தணித்து வைத்தல் பிள்ளைகளின் பணி. அவ்வேளையில் அவரைத் தொலைபேசிக்கு எழுப்பாதிருத்தல் மனைவியின் பணி. விடியுமுன் வந்தாற்றான் கூலி என்று நெருக்காதிருத்தல் முதலாளியின் பணி. மலிவான கோவா வேண்டுமென்று சந்தையில் நிற்கும் நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

அன்றிரவு முறிகண்டியில் கண் விழித்ததும் அவர் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கின்றது. "நான் போகேக்கையும் பிள்ளை நித்திரை, வரேக்கையும் நித்திரை சேர். அவளுக்கு நாலு வயசு. நான் கதைச்சது குறைவு."

சில மாதங்களின் பின் என் வீட்டுக்கு வந்தார். "விடியமுதல் வராது, ஏழு மணிக்குத்தான் வரும்" என்று வியாபாரிகளிடம் சொல்லிவிட்டாராம். ஒருவர் வேறு லொறி பிடித்துக்கொண்டார். மற்றிருவர் முணுமுணுத்துவிட்டு இசைந்தனர். வருமானம் சற்றுக் குறைந்ததை அவர் மறைக்கவில்லை. பின்னர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இப்ப நான் வீட்டை போகேக்கை பிள்ளை முழிச்சிருக்கிறாள், சேர். படலையிலை நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறாள்."