வர்த்தகரும் வாக்காளரும்

மன்னார் வளைகுடாவின் கிழக்குக் கரையிலே, வில்பத்துக் காட்டின் வட எல்லையை அடுத்து இருப்பது முள்ளிக்குளம். அங்கிருந்து மேற்கு நோக்கிக் கடலைக் கடந்தால், ஏறக்குறைய நேரெதிரே திருச்செந்தூர் வந்துவிடும். இரு கரையாரும் கடலை நம்பி வாழ்ந்தவர்கள். இரு கரைகளையும் அடுத்த கடலில் முத்துக்குளிப்பு நடந்ததுண்டு. அந்தத் திருச்செந்தூர்த் தொகுதியின் பிரதிநிதியாக 1962ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் சென்றவர் கடற்றொழிலாளர் அல்லர். சென்னை வர்த்தகரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி. வியாபாரத்துறையிலிருந்து அரசியலுக்கு வருபவர் எதைக் கொண்டுவருகிறார், எதைப் புதிதாகக் கற்க நேர்கிறது என்பதற்கு அவருடைய வாழ்க்கை தக்க சான்றாகும்.

1899இல் நீதிபதி ஒருவரின் மைந்தராகப் பிறந்த கிருஷ்ணமாச்சாரி, 1928இல் சென்னையில் சொந்த வர்த்தக ஸ்தாபனத்தைத் தொடங்கினார். பிறர் செய்த சவர்க்காரம் முதலிய பண்டங்களைத் தென்னாடெங்கும் சிறு கடைகள்வரை கொண்டுசேர்ப்பதே அதன் பணி. எந்த ஊரில் எந்தச் சரக்கு செல்லும், எந்த விலைக்குச் செல்லும், கடனாகக் கொடுத்த பணம் எப்போது திரும்பும் என்பனவற்றை அறியாதவன் இத்தொழிலில் நிலைக்க முடியாது. அந்த அறிவே அவருடைய அரசியல் மூலதனமாயிற்று.

1937இல் சுயேச்சையாகச் சென்னைச் சட்டசபையில் நுழைந்த அவர், பின்னர் காங்கிரசில் சேர்ந்தார். இந்திய அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தார். வரைவுக் குழு உறுப்பினர் கேதான் 1948இல் காலமானபோது அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். 1952இல் சென்னையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவாகி வர்த்தக, கைத்தொழில் மந்திரியானார். 1956இல் நிதி மந்திரியானார். 1957இல் செல்வந்தரின் சொத்துக்கு வரி விதித்தவர், செல்வத்தின் வழிகளை நன்கறிந்த இந்த வர்த்தகரே.

அதே ஆண்டில் சோதனையும் வந்தது. அரசாங்கத்துக்குரிய ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம், முந்திரா என்னும் வணிகருக்குத் தொடர்புடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. பொதுமக்கள் செலுத்திய பணம் இப்படிச் செலவானது ஏன் என்று பெரோஸ் காந்தி சபையில் வினவினார். நீதியரசர் சாக்ளா பகிரங்க விசாரணை நடத்தினார். தாம் அனுமதி வழங்கவில்லை என்பது மந்திரியின் வாதம். செயலாளரின் செயலுக்கு மந்திரியே பொறுப்பாளி என்பது நீதியரசரின் முடிவு. 1958 பெப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார். சொந்தக் கடையில் நட்டம் வந்தால் முதலாளியின் கணக்கோடு போயிற்று; பொதுப் பணத்திலோ, கையொப்பமிடாதவரும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

நான்கு ஆண்டுகளின் பின் அவர் திருச்செந்தூரில் அபேட்சகரானார். எதிர்த்து நிற்க எவருமில்லை. களத்தில் ஒருவரே எஞ்சினால் வாக்கெடுப்பு இல்லை. அவர் தெரிவானதாக அறிவிக்கப்படுவார். இது சட்டத்துக்கு முற்றிலும் பொருந்தியதே. ஆயினும், பதவி இழந்தவரை மீண்டும் ஏற்பதா, மறுப்பதா என்று தீர்ப்பளிக்கும் வாய்ப்பு, கரையோரத்து வாக்காளனுக்குக் கிட்டாமற் போயிற்று.

1963இல் அவர் மறுபடியும் நிதி மந்திரியானார். சிறு சேமிப்பாளரின் பணத்தைத் திரட்டிக் கைத்தொழிலில் முதலிடும் இந்திய யூனிட் டிரஸ்ட் 1964இல் அவர் காலத்திலேதான் தோன்றிற்று. 1965இன் இறுதியில் இரண்டாம் முறையும் பதவி விலகினார், 1974இல் காலமானார்.

வர்த்தகரின் திறமை நாட்டுக்கு வேண்டியதே. ஆனால் கடைக்கு வருபவன், சரக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். வாக்காளனுக்கு அந்த வசதி வேண்டுமானால், வாக்குச்சீட்டில் இரண்டாவது பெயர் ஒன்றாவது இருக்க வேண்டும். இது அக்கரைக்கு மட்டுமன்றி இக்கரைக்கும் பொருந்தும்.