நுரையீரல் புற்றுநோய்: அறுவைச் சிகிச்சைக்கு முன்பே ஏன் இம்யூனோதெரபி?

"கட்டி இருக்குன்னு தெரிஞ்சிடுச்சு. உடனே வெட்டி எடுத்துட வேண்டியதுதானே?"

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்றால் உங்களுக்கும் இப்படித்தான் கேட்கத் தோன்றும். ஆனால் சிலரிடம் மருத்துவர், "முதலில் மருந்து, பிறகு அறுவைச் சிகிச்சை" என்பார். அது தாமதம் அல்ல. திட்டமிட்ட சிகிச்சை.

இம்யூனோதெரபின்னா என்ன?

உடலில் உள்ள 'டி' உயிரணுக்கள் கிருமிகளையும் கெட்டுப்போன உயிரணுக்களையும் அழிக்கின்றன. அவை வரம்பு மீறாமலிருக்க 'பிடி-1' எனும் பிரேக் உண்டு. புற்றுநோய் அந்தப் பிரேக்கை அழுத்தித் தப்பிக்கப் பார்க்கும். இம்யூனோதெரபி மருந்து அதைத் தடுக்கிறது.

பிடி-1ஐக் கண்டறிந்த ஜப்பானிய விஞ்ஞானி தசுக்கு ஹோன்ஜோ 2018இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அதை ஏன் முன்பே கொடுக்கணும்?

கட்டி உள்ளே இருக்கும்போதே மருந்து கொடுத்தால், 'டி' உயிரணுக்கள் எதிரியை நன்றாக அடையாளம் கண்டு பழகும். ஸ்கேனில் தெரியாத புற்றுநோய் அணுக்கள் வேறெங்காவது ஒளிந்திருந்தாலும் தேடிப்போய்த் தாக்கும் என்பது எதிர்பார்ப்பு. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்ப அந்த அணுக்கள் முக்கியக் காரணம்.

பலன் இருக்கா?

'செக்மேட் 816' ஆய்வில் 358 நோயாளிகள் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குக் கீமோதெரபியுடன் நிவோலுமாப் மருந்து, 3 வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 3 முறை கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்குக் கீமோதெரபி மட்டும்.

- உயிருள்ள புற்றுநோய் அணுவே மிஞ்சாதவர்கள்: 24 விழுக்காடு. கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காடு.
- 5 ஆண்டுக்குப் பிறகு உயிருடன் இருந்தவர்கள்: சுமார் 65 விழுக்காடு. மற்றப் பிரிவில் 55 விழுக்காடு.

அப்போ எல்லாருக்கும் கொடுக்கலாமா?

இல்லை. அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய கட்டத்தில் இருப்பவர்களுக்கே இது பொருந்தும். 'இஜிஎஃப்ஆர்' மரபணு மாற்றம் இருந்தால் இம்யூனோதெரபி பொதுவாக அவ்வளவாகக் கைகொடுக்காது. அந்த மாற்றம் ஆசியர்களிடம், குறிப்பாகப் புகைபிடிக்காதவர்களிடம் அதிகம். அவர்களுக்கென வேறு மருந்துகள் உண்டு. அதனால்தான் மரபணுச் சோதனை முக்கியம்.

பக்கவிளைவும் உண்டு. பிரேக் விலகிய 'டி' உயிரணுக்கள் நுரையீரல், குடல், தைராய்டு சுரப்பியையும் தாக்கலாம். அந்த ஆய்வில் நிவோலுமாப் பெற்றவர்களில் சுமார் ஆறில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நடக்கவில்லை. சிலருக்கு இடையில் நோய் முற்றியதும் ஒரு காரணம்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

- புற்றுநோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?
- மரபணுச் சோதனை முடிவு வந்துவிட்டதா?
- மருந்து பலன் தராவிட்டால் அடுத்து என்ன?

அம்மா அப்பாவுடன் போகும்போது இந்த மூன்றையும் கைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறலோ விடாத வயிற்றுப்போக்கோ வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் சொல்லிடுங்க.