பாட்டி பார்த்த பிள்ளைகள்

கோப்பெங்கில் இருக்கும் என் பாட்டி ஒருநாள் சாயந்திரம் என் ஐந்து வயது மகனைப் பக்கத்தில் அழைத்தார். "அந்த நாற்காலிகிட்ட மூணு பிள்ளைங்க நிக்குதே, உனக்குத் தெரியுதா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, "யாருமே இல்ல பாட்டி" என்றான். "சரி, போய் விளையாடு" என்று அத்தோடு விட்டுவிட்டார்.

அவன் என்னிடம் வந்து சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நான்கு மாதமாக அந்தப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்களாம். சில நாள் பட்டுச்சேலை கட்டிய பெண்கள், எல்லாம் முன்பின் தெரியாத முகங்கள். சில நேரம் சுவர் முழுக்கக் கோலம் போட்டதுபோல் கட்டம் கட்டமாகத் தெரியுமாம். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

"ஏன் பாட்டி எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா கெழவிக்குப் புத்தி போச்சும்பீங்க."

வீட்டில் அதுதான் நடந்தது. இது தோட்டத்திலிருந்து தொடர்ந்து வந்த ஏதோ ஒன்று, சாமியாடியைப் பார்க்க வேண்டும் என்றார் அத்தை. மறதி நோயின் ஆரம்பம், இனித் தனியாக விடக்கூடாது, வீட்டைப் பூட்டிவிட்டு கிள்ளானுக்கு அழைத்துப் போகிறேன் என்றார் சித்தப்பா. தோட்டத்தை விட்டு வந்து, தாத்தாவும் பாட்டியும் சேர்த்த காசில் வாங்கிய வீடு அது. பாட்டி ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அவருக்கு 81 வயது. இருபது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வெளிச்சம் விழும் அந்த ஒரு சாண் பட்டையை மட்டும் நம்பிக் கத்தி போட்டவர். இப்போது இனிப்பு நீர் வியாதி இரண்டு விழித்திரைகளையும் அரித்துவிட்டது.

ஈப்போவில் கண் மருத்துவர் பாட்டியோடு நெடுநேரம் பேசினார். தேதி என்ன, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், என்னென்ன மாத்திரை என்று கேட்டார். இரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்தார்கள். கடைசியில் ஒரு பெயர் சொன்னார்: சார்ல்ஸ் பொனே நோய்க்குறி. 1760-இல் ஜெனீவாவைச் சேர்ந்த பொனே என்ற இயற்கை ஆய்வாளர், பார்வை மங்கிய தம் தாத்தாவைப் பற்றி எழுதினார். புத்தி முழுத் தெளிவோடு இருந்த அந்தக் கிழவருக்கும் ஆட்கள், பறவைகள், கட்டடங்கள் எல்லாம் தெரிந்தனவாம்.

கண்ணிலிருந்து வரும் செய்தி குறைந்தால் மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை, தானாகப் படம் காட்டத் தொடங்கிவிடுகிறது. வானொலிக்காரருக்கு இது எளிதில் புரியும். ஒலிபரப்பில் சில விநாடி மௌனம் விழுந்தால் போதும், கருவி தானே ஒரு பாட்டைப் போட்டுவிடும்.

ஊடகக் கல்வி படித்த நாளில் ஒரு விரிவுரையில் ஜார்ஜ் பார்க்லியைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். ஒரு பொருள் இருக்கிறது என்றால் அது உணரப்படுகிறது என்றுதான் பொருள் என்று 1710-இல் எழுதிய அயர்லாந்துக்காரர். வகுப்பே சிரித்தது, நானும்தான். பாட்டிக்காக அதை மறுபடி தேடப் போனபோதுதான், பார்க்லிக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த வசுபந்து என்ற பௌத்தர் அகப்பட்டார். அவருடைய 'விம்சதிகா' என்ற சிறு நூல் தொடக்கத்திலேயே ஒரு கண் நோயைத்தான் உதாரணம் காட்டுகிறது. திமிரம் பிடித்தவருக்கு இல்லாத முடி தெரிவதுபோல, வெளியே இருப்பதாக நாம் நினைப்பதெல்லாம் அறிவின் தோற்றமே என்கிறது. இந்த நூலுக்கு உரை எழுதியவர்களில் ஒருவர் நம் காஞ்சிபுரத்துக்காரர்: 6-ஆம் நூற்றாண்டில் நாளந்தாவில் தலைமை வகித்த தர்மபாலர். காஞ்சியைப் பற்றிக் குறிப்பெழுதிய சீன யாத்திரிகர் சுவான்சாங், அவர் பிறந்த ஊர் அது என்பதை மறக்காமல் சொல்கிறார்.

வசுபந்து கெட்டிக்காரர். எதிராளி கேட்கப்போவதைத் தாமே கேட்டுக்கொள்கிறார். அந்த முடி நோயாளிக்கு மட்டும்தானே தெரிகிறது, மற்றதை எல்லாரும் பார்க்கிறோமே, அது எப்படி? ஒத்த வினை உடையவர்களுக்கு ஒத்த காட்சி என்பது அவர் பதில். தமிழ்நாட்டுச் சைவர்கள் அதை ஏற்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் 'சிவஞான சித்தியார்' பரபக்கத்தில் இந்த யோகாசாரக் கட்சியை எடுத்துவைத்து மறுக்கிறார். சித்தாந்திகளுக்கு உலகம் உள்பொருள். அறிவு வேறு, அறியப்படுவது வேறு.

வசுபந்து எழுப்பிய அதே கேள்வியைத்தான் பாட்டி என் மகனிடம் கேட்டிருக்கிறார். இன்னொரு சோதனையும் செய்திருக்கிறார். "கைய நீட்டிப் பாத்தேன். ஒண்ணும் தட்டுப்படல. அப்பவே தெரியும், நெசமில்லன்னு." புத்தி போய்விட்டது என்று நாங்கள் கூட்டம் போட்டுப் பேசிய ஆள் இவர்.

எனக்கும் அப்படி ஒன்று நடந்ததுண்டு. பள்ளி நாளில் கோப்பெங் பக்கத்துக் குவா தெம்புருங் குகைக்குப் போயிருந்தோம். உள்ளே வழிகாட்டி எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார். முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். என் கை அசைவது தெரிந்தது, அந்த முழு இருட்டில்! ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். கை நகர்வது தனக்குத் தெரிவதால், மூளை அதைக் கண்ணுக்கும் காட்டிவிடுகிறதாம். ஆக, பாட்டியின் மூளை செய்வதை என்னுடையதும் செய்கிறது. எனக்குத் திருத்திக் கொடுக்க நல்ல கண் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். உலகம் உள்பொருள் என்ற கட்சிதான் நானும். ஆனால் வசுபந்துவைப் பார்த்து இப்போது சிரிப்பதில்லை.

மருத்துவர் கண்ணுக்கு ஒன்றும் புதிதாகக் கொடுக்கவில்லை. உருவம் வந்தால் விளக்கைப் போடுங்கள், கண்ணை இடமும் வலமும் ஓட்டிப் பாருங்கள், பலருக்கு நாளாக ஆகக் குறையும் என்றார். உங்கள் வீட்டுப் பெரியவர் இப்படிச் சொன்னால் நீங்களாக முடிவு கட்டாதீர்கள்; மறதி நோய், கிருமித் தொற்று, மருந்தின் விளைவு என்று வேறு காரணங்களும் இருக்கலாம், மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா கிள்ளான் பேச்சை விட்டுவிட்டு, கூடத்தில் பெரிய பல்பு மாட்டிக் கொடுத்தார். அத்தை வாசலில் கட்டிய எலுமிச்சம்பழம் இன்னும் தொங்குகிறது; அதை அவிழ்க்கச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

போன வாரம் நிகழ்ச்சி முடிந்து பாட்டிக்குப் போன் செய்தேன்.

"வந்தாங்களா பாட்டி?"

"மூணுல ஒண்ணுதான் வந்துச்சு. அதுவும் தலைகூடச் சீவாம வந்து நிக்குது."